ஹில் என்றால் மலை

என் தம்பி மகனே, என் அப்பாவைப் பெற்றவளை நீ ஒரு வெள்ளைக்காரனின் வைப்பாட்டி ஆக்கிவிட்டாய். அதை அச்சடித்து, பளபளப்பான அட்டை போட்டு, உன் தங்கை கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் வைத்துக் கொடுத்தாய். மண்டபத்துக்கு வந்த அத்தனை பேரும் தேங்காயோடு அவள் மானத்தையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மற்றவர்களுக்கு நடந்தது தெரிய வேண்டும். இதில் நம் வீட்டார் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு பெயரால் வந்த வினைதான் இவ்வளவும்.

என் அப்பா வளர்ந்தது ரங்கூன் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த ஒரு வீட்டில். வீடு என்பது பேச்சுக்குத்தான். போக்கிடம் இல்லாத பெண்களை உள்ளே வைத்து, போடுகிற சோற்றுக்கு வேலை வாங்குகிற இடம் அது. வெள்ளைக்காரன் தன் ஊரில் ஏழைகளுக்கு அப்படித்தான் கட்டிவைத்திருந்தானாம். அதையே இங்கும் கட்டினான். ஒரு மாதா கோயிலின் பொறுப்பில் நடந்தது. அரிசி ஆலைகளுக்குப் போகும் கோணிச் சாக்குகளை அங்கே பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். அதனால் நம் ஆட்கள் அதற்குச் சாக்குவீடு என்று பெயர் வைத்தார்கள். ‘சாக்குவீட்டுப் பிள்ளை’ என்று ஒருவனைச் சொன்னால் தகப்பன் யாரென்று தெரியாதவன் என்று அர்த்தம். என் அப்பாவை அவர் சாகும்வரை முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்பாவைப் பெற்றவள் தமிழ்நாட்டிலிருந்து புருஷனோடு கப்பலேறி வந்தவள். அவர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார். ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆற்றில் விழுந்தாரா, மூட்டை சரிந்து செத்தாரா, ஓடிப்போனாரா, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கூலிக்காரன் பெண்டாட்டிக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாக்குவீட்டுக்குப் போனாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அது இல்லாமல் பால் இல்லை என்றிருப்பார்கள்.

அவளைப் பற்றி அப்பா எங்களிடம் சொன்னது கொஞ்சம்தான். ரவிக்கையின் தோள்பட்டையில் கோணி ஊசியைக் குத்தி வைத்திருப்பாளாம். இவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும்போது முதலில் அந்த ஊசியைத்தான் எடுத்து அப்பால் வைப்பாளாம். பொழுது சாய்ந்ததும் இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பிக் கதவு பக்கம் போய் நிற்பாளாம். “அவுக வருவாக” என்பாளாம். தன் தகப்பனின் பெயரே ‘அவுக’ என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். “உன் அப்பா பேரென்ன?” என்று சாக்குவீட்டில் யாரோ கேட்டபோது, “அவுக” என்று சொல்லியிருக்கிறார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்களாம். அவள் மட்டும் சிரிக்கவில்லையாம்.

அப்பாவுக்குப் பால் பல் விழுவதற்கு முன்னால் அவள் காய்ச்சலில் செத்துப்போனாள். அத்தோடு பெயர் போயிற்று. வளர்ந்த பிறகு அப்பா துறைமுகத்துக் கூலி லைன்களில் போய், “சாக்குவீட்டுல இருந்தாளே ஒருத்தி, அவ புருஷன் யாரு?” என்று விசாரித்திருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டால் ஆண்பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். தெரிந்திருக்கக்கூடிய ஆட்கள் எல்லாம் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். பாதிப்பேர் வழியிலேயே செத்தார்கள்.

மாதா கோயில்காரர்கள் அப்பா பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைப் போட்டுவிட்டிருந்தார்கள். இங்கிலீஷ் எச். தமிழனுக்கு எங்கேயாவது எச் என்று இனிஷியல் உண்டா? பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டில் அது ஏறிவிட்டது. ரயில்வே வேலைக்குப் போனபோதும் கூடவே வந்தது. உடன் படித்த பிள்ளைகள், “எச்சுன்னா எச்சிடா” என்று துப்பிக்காட்டுவார்களாம். ரயில்வேயில் கூடவா அதே பாட்டு என்று அம்மா ஒருநாள் ஆத்திரப்பட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாங்கள் கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். பெரியவரானதும் மாதா கோயிலை விட்டுவிட்டு நம் கோயிலுக்கு வந்து விபூதி பூசிக்கொண்டார். அந்த எழுத்தை மட்டும் விட முடியவில்லை.

என் கல்யாணப் பத்திரிகையில் ‘இன்னாரின் பேத்தி’ என்று வர வேண்டிய வரி வரவில்லை. தம்பி கல்யாணத்தில் பெண் வீட்டார், “தாத்தா பேரு என்ன போடணும்?” என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். தம்பி, “போட வேணாம், இடமில்ல” என்றான். இடமில்லையாம். பத்திரிகையின் பாதி வெறும் ரோஜாப் பூ.

இதெல்லாம் நினைவில் இருப்பதால்தான் தம்பி மகன் தேடத் தொடங்கியபோது நான் தடுக்கவில்லை. இவன் இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். பணம் அனுப்புவான், மருந்து அனுப்புவான். சாக்குவீட்டின் பழைய பதிவேட்டை யாரோ படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள் என்றும், விடுமுறை நாட்களில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னான். பார்க்கட்டும் என்று இருந்தேன். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது.

“அத்தை, எச்சுக்கு அர்த்தம் கெடைச்சிருச்சு!”

“என்னடா?”

“ஹில். காட்ஃப்ரே ஹில்.”

“அது என்ன ஹில்லு?”

“குடும்பப் பேரு அத்தை. நம்ம கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரரு!”

“காலங்காத்தால என்ன குடிச்சே?”

“சத்தியமா அத்தை. ரெக்கார்டுல இருக்கு. வேணும்னா உங்க மூக்கைக் கண்ணாடில பாருங்க.”

“என் மூக்கு எங்கம்மா மூக்குடா, கழுதை.”

தோசை கருகிப்போனது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். பதிவேட்டில் புருஷன் என்று இருக்கும் இடத்தில் அந்தப் பெயர் இருக்கிறதாம். அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் மாதா கோயில் புத்தகங்களில் தேடியிருக்கிறான். ஏதோ ஒரு கிராமத்துக் கோயிலில் அந்தப் பெயருள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. தாய் பெயர் மட்டும்தான், தகப்பன் பெயர் இல்லை. அப்புறம் அந்த ஊர் ஏழை விடுதிப் பதிவில் தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள். தாய் அங்கேயே செத்துப்போகிறாள். பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு தடயம் இல்லை. தடயம் இல்லை என்பதால் அவன் ரங்கூனுக்கு வந்துவிட்டான் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். அது எப்படியடா என்று கேட்டால், “கப்பல் எல்லாம் ரங்கூன் வந்துதானே அத்தை போவும்” என்கிறான்.

அந்த விடுதி இருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாம். அதன் வாசலில் நின்று போன் செய்தான். “அத்தை, இங்கயும் கஞ்சிதான் குடுத்திருக்காங்க. புள்ளையையும் அம்மாவையும் தனித்தனியா வச்சிருக்காங்க” என்று சொல்லி அழுதான். அவன் அழுதது பொய் இல்லை. அந்தப் பையன் எங்களுக்கு யாரோ எவரோ, ஆனாலும் கஞ்சி ஒன்றுதானே.

அதன் பிறகுதான் கல்யாணமும் அந்தப் புத்தகமும். பாதி இங்கிலீஷ், பாதி பர்மியம், தமிழில் ஒரு வரி கிடையாது. நடுப்பக்கத்தில் ஒரு மரம் போட்டு, உச்சியில் காட்ஃப்ரே ஹில் என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில், தாலி கட்டாத உறவுக்குப் போடும் புள்ளிக்கோடு. கோட்டின் மறுமுனையில் ‘தமிழ்ப் பெண்’. அவள் பெயர் பதிவேட்டில் தெளிவாக இருந்தும் அதைப் போடவில்லை. இங்கிலீஷில் ‘துணை’ என்று பட்டும் படாமலும் எழுதியிருந்தான். பர்மியத்தில் யாரைக் கொண்டு எழுதினானோ, அந்த ஆள் ஒளிவுமறைவு இல்லாமல் ‘அப்யோ மயா’ என்று போட்டுவிட்டார். மயா என்றால் மனைவி. அப்யோ மயா என்றால் சந்தோஷத்துக்கு வைத்துக்கொண்டவள். எங்கள் தெருவில் பாதிப்பேர் பர்மாக்காரர்கள். மறுநாள் மீன் குழம்பில் சேமியா போடும் மொஹிங்காக் கடையில் பக்கத்து வீட்டுக்காரி என் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “அதான் அமா நீங்க கொஞ்சம் செவப்பு” என்றாள். அமா என்றால் அக்கா. மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குக் கிண்ணத்தை அவள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. ஆண்டுதோறும் தம்பி தன் ஊரான மாவ்பியிலிருந்து பஸ் பிடித்து வருவான். இருவருமாக ஆற்றங்கரைக்குப் போவோம். அவன் எள்ளும் தண்ணீரும் விடுவான், நான் பக்கத்தில் நிற்பேன். பூசாரி அப்பா பெயரைக் கேட்பார், தாத்தா பெயரைக் கேட்க மாட்டார். எங்கள் கதை அவருக்குத் தெரியும். ‘பேர் அறியாத பெரியவர்’ என்று தாமே சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குத் தம்பி கையை உயர்த்தி நிறுத்தினான்.

“பேரு இருக்கு சாமி.”

“அப்படியா! சொல்லுங்கண்ணே.”

“காட்ஃப்ரே ஹில்.”

பூசாரி என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

“யாருண்ணே?”

“காட்ஃப்ரே ஹில். சொல்லுங்க.”

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இவுக எள்ளுத் தண்ணி குடிப்பாகளா? இல்ல வேற ஏதாச்சும் ஊத்தணுமா?”

பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரிக்கவில்லை. பூசாரி நாக்கைச் சுழற்றி, “காத்துப்பிரே கில்லு” என்று சொல்லி முடித்தார். தம்பி தண்ணீர் விட்டான். அவன் முகத்தை நான் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க இல்லாத ஒரு நிம்மதி அதில் இருந்தது. யாரோ ஒரு பெயருக்குத் தண்ணீர் போகிறது. எங்களுடைய ஆள் இந்த வருஷமும் வறண்டு நிற்கிறார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்தோம். “அந்தப் படத்தைக் காட்டு” என்றேன். அதுவரை அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை நான் பார்க்கவில்லை, இவர்கள் சொன்னதைத்தான் கேட்டிருந்தேன். தம்பி போனைக் கொடுத்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வரும். பழைய கோணல் எழுத்து. அவள் பெயர். பக்கத்தில் ‘ஆண் கைக்குழந்தை ஒன்று’. அடுத்து ‘புருஷன்’ என்ற இடத்தில் இரண்டு சொற்கள், நடுவில் ஒரு கமா, கடைசியில் ஒரு புள்ளி.

‘ஹில், காட்.’

அவ்வளவுதான். காட்ஃப்ரே என்று எங்கும் இல்லை.

“இதுல காட்னுதானடா இருக்கு?”

“சுருக்கி எழுதியிருக்காங்கக்கா. புள்ளி இருக்குல்ல? குடும்பப் பேரை மொதல்ல எழுதிட்டு, சொந்தப் பேரைச் சுருக்கிப் போடுவாங்களாம். புள்ளைதான் சொன்னான்.”

நான் அந்த இரண்டு சொல்லையும் தமிழில் சொல்லிப் பார்த்தேன். மலை. சாமி. டீக்கடை இரைச்சலில் எனக்கு அவள் குரல் கேட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான் கேட்டது வேறு குரல்கள்.

நான் வேலை பார்த்தது ஒரு மருத்துவமனையில், பதிவு மேசையில். நோயாளியின் பெயர், வயது, புருஷன் பெயர் கேட்டு எழுதுவது என் வேலை. நம் ஆட்களில் வயதான பெண்கள் வந்தால் வேலை ஓடாது. புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். “யானை மூஞ்சிச் சாமிக்குத் தம்பி இருக்காருல்ல, அவுக பேரு” என்பாள் ஒருத்தி. “பத்து அவதாரத்துல வில்லு வச்சிருப்பாரே” என்பாள் இன்னொருத்தி. “விடியக்காலைல கெழக்கால வருமே தாயி” என்று வெளியே கைகாட்டியவளும் உண்டு. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும். அதனால் சொல்ல மாட்டார்கள். கேட்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் புரிந்துகொண்டு எழுதிக்கொள்வேன். என் பக்கத்து மேசையில் ஒரு பர்மாக்காரப் பெண் இருந்தாள். அவளுக்கு இது பெரிய தலைவலி. “அமா, உங்க ஆளுங்ககிட்ட புருஷன் பேரு கேட்டா கோயில் கதை சொல்றாங்க. வீட்டுல எப்படித்தான் கூப்பிடுவாங்க?” என்பாள். “கூப்பிடவே மாட்டாங்கடி, எதிர்ல போய் நிப்பாங்க” என்பேன். சிரிப்பாள்.

நானும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தபோது, நான் வேலை பார்த்த அதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் மேசையில் வேறொரு சின்னப் பெண் இருந்தாள். பெயர் கேட்டாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, இனி குறைய ஆயுள் இல்லை. இன்றைக்கும் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை.

அவளும் சொல்லவில்லை. சாக்குவீட்டு வாசலில் குழந்தையோடு நிறுத்தி, புருஷன் பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள். “மலை மேல இருக்காரே சாமி, அவரு பேரு” என்று சொல்லியிருப்பாள். நடுவில் நின்று மொழிபெயர்த்த துபாஷி நம் ஆள் இல்லை போலிருக்கிறது. காதில் விழுந்த இரண்டு சொல்லை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப்போட்டான். மலை, சாமி. எழுதினவன் எழுதிவிட்டு ஒரு புள்ளி வைத்தான். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு என் தம்பி மகன் இங்கிலாந்து முழுக்க அலைந்திருக்கிறான்.

அப்பாவின் எச்சும் அதுதான். ஹில் என்றால் மலை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எச்சில் துப்பியது ஒரு மலையின் மேல்.

தம்பியிடம் சொன்னேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். அவனுக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. அவன் பெண்டாட்டியும் அவன் பெயரைச் சொன்னவள் இல்லை.

“சரிக்கா. மலைன்னா எந்த மலை?”

நான் போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“பழனியா, திருப்பதியா, அழகர் மலையா? வேலன்னு ஒரு பேரா, ஆண்டின்னு ஒரு பேரா? சொல்லேன், அந்தப் பேருக்கே தண்ணி விடுறேன்.”

“தெரியாதுடா.”

“தெரியாதுல்ல? அப்பா செத்த அன்னைக்கும் தெரியாது. நாளைக்கு நான் செத்தாலும் தெரியாது. என் புள்ளை ஒரு பேரைக் கொண்டாந்து குடுத்திருக்கான்க்கா. இல்லாத பேருக்கு இருக்கிற பேரு தேவலாம். விட்டுரு.”

“அப்ப அவ?”

“அவளை யாருக்கா இப்ப கேக்குறாங்க?”

டீ அவன் கட்டியிருந்த லோன்ஜியில் சிந்திக்கொண்டிருந்தது, அவன் பார்க்கவில்லை. முகம் ஊதியிருந்தது. அவனுக்கு நெஞ்சு சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அவனிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் படுத்துவிட்டான். மாவ்பி வீட்டுக்குப் போய் அவனோடு இருந்தேன். பகலில் மின்சாரம் இருக்காது, மின்விசிறி சும்மா தொங்கும். கைக்கு எட்டிய எதையோ எடுத்து விசிறினேன். விசிறிக்கொண்டே பார்த்தால் அது அந்தக் கல்யாணப் புத்தகம். அட்டை கெட்டியாக இருந்ததால் நல்ல காற்று வந்தது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து புத்தகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அக்கா, எந்த மலையா இருக்கும்?” என்றான்.

விட்டுரு என்று சொன்னவன்தான். அன்றைக்கு அவன் கேட்டது அது. அதற்குப் பிறகு பேச்சு தெளிவாக வரவில்லை. இரண்டொரு நாளில் போய்விட்டான். அவன் கேள்விக்கு நான், “பழனியா இருக்கும்டா” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது இன்னொரு காட்ஃப்ரே ஹில். அதனால் சொல்லவில்லை. அவன் அந்தக் கேள்வியோடுதான் போனான்.

எரித்தபோது மகன் போனில்தான் பார்த்தான். கருமாதிக்கு வந்து சேர்ந்தான். தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்க்க எனக்குப் பெற்ற வயிறு போல எரிந்தது. சின்ன வயசில் என் தம்பி உட்காருவது போலவே முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூசாரி மூன்று தலைமுறை கேட்டார். முதலில் தன் அப்பா பெயரைச் சொன்னான். அப்புறம் என் அப்பா பெயரைச் சொன்னான். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தான்.

“நிறுத்துங்க சாமி,” என்றேன். மண்டபம் பூராவும் திரும்பியது.

“அத்தை, வேணாம். இப்ப வேணாம்.”

“இப்பதான் வேணும். அது பேரில்லடா. ஹில்லுன்னா மலை. காட்டுன்னா சாமி. அவ புருஷன் பேரைச் சொல்லாம மலை மேல இருக்கிற சாமின்னு சொல்லியிருக்கா. உங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன். உன்கிட்டயும் போன்ல சொன்னேன். நீ காதுல வாங்கல.”

“அத்தை, என்கிட்ட ரெக்கார்டு இருக்கு. மாதா கோயில் ரெக்கார்டு இருக்கு, விடுதி ரெக்கார்டு இருக்கு. உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?”

“என் நாக்கு இருக்கு. என் புருஷன் பேரைச் சொல்லச் சொல்லு, பாப்போம்.”

யாரோ சிரித்தார்கள். “சொல்லுங்களேன் அத்தை” என்றான், கோபமாக. நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன். வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றேன், முதல் எழுத்துக்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வயதான பெண்கள் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் யாரோ பின்னாலிருந்து, “நேரமாவுது, ஆவட்டும்” என்றார்கள். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பூசாரி முணுமுணுத்தார். காட்ஃப்ரே ஹில்லுக்கு ஒரு பிண்டம் வைத்தார்கள். காக்கை வந்து தின்றது. காக்கைக்கு என்ன தெரியும்?

மகனே, இனி உன்னிடம் பேசுகிறேன்.

அவள் ஏன் சொல்லவில்லை என்று ஒருநாளாவது யோசித்தாயா? அவர் செத்துப்போனார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று நம்பினாள். தன் வாயால் அவர் ஆயுள் குறைந்துவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டாள். பாலுக்கும் கஞ்சிக்கும் கை நீட்டி நின்ற இடத்தில்கூட அதை விடவில்லை. அவளிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை. அவர் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெயரே அதனால் செத்துப்போயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் கதவருகே போய் நின்றவளைத்தான் நீ புள்ளிக்கோட்டில் கட்டிவைத்திருக்கிறாய்.

இன்னொன்றும் கேள். அந்த இங்கிலாந்துப் பையன். விடுதியில் தாயைப் பறிகொடுத்தவன், கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவன். அவன் எந்தக் கடலில் செத்தானோ, எங்கே பிழைத்தானோ. அவனுக்கென்று பேச ஒரு நாதி இல்லை. அவனைத் தூக்கி வந்து, ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்து பிள்ளையையும் கொடுத்துவிட்டு ஓடியவன் என்று எழுதிவிட்டாய். அவனுக்காக அழுதவனே நீதான். ஒரு அநாதைப் பையன் மேலும் பழி போட்டுவிட்டாய்.

என்னிடம் பெயர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். எந்த மலை, எந்தச் சாமி என்று நானும் தெரியாமல்தான் சாவேன். ஆனால் இனி ‘பேர் அறியாத பெரியவர்’ என்று சொல்ல விடமாட்டேன். அவர் பெயர் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். ‘பேர் சொல்லப்படாத பெரியவர்’ என்று சொல்லட்டும். அதுதான் நிஜம்.

உன் அப்பாவின் தலைத் திவசத்துக்கு வருவதாகப் பூசாரியிடம் சொல்லியிருக்கிறாய். என் போனைத்தான் நீ எடுப்பதில்லை. அதனால் நம் ஆட்கள் எல்லோரும் வாங்கிப் படிக்கிற இந்தக் கோயில் மலரில் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வந்தவர்களும் கருமாதிக்கு வந்தவர்களும் திவசத்துக்கும் வருவார்கள், நான் வரச்சொல்வேன். போனில் ரகசியமாக மன்னிப்புக் கேட்டால் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீ புத்தகம் கொடுத்தது சபையில். அதே சபையில் எழுந்து நில், மைக்கைப் பிடி, அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்: அவள் அவருடைய மனைவியா, இல்லையா?